படிவம் வந்துவிட்டது, போரும் வருமா?

இரட்டையரில் இளையவன்

வணக்கம். எனக்கும் என் அண்ணனுக்கும் சென்ற மாதம் 18 வயது நிறைந்தது. அண்ணன் என்றால் என்னைவிட 11 நிமிடம் மூத்தவன். கட்டாய ராணுவப் பணிக்கான பதிவுப் படிவம் இருவர் பெயருக்கும் தனித்தனி உறையில் வந்திருக்கிறது. எந்த நாடு என்று சொல்லவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் இது ஒரு சடங்கு போல நடந்து முடிந்துவிடும். போய் வருவார்கள், மொட்டைத் தலையோடு எடுத்த புகைப்படத்தைக் காட்டிச் சிரிப்பார்கள். இப்போது எல்லையில் படை குவிகிறது என்று தினமும் செய்தி. அண்ணன் உறையைப் பிரித்த கையோடு நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். என்னுடையது ஒரு வாரமாக அகராதிக்கு அடியில் கிடக்கிறது. செய்தி நேரம் வந்தால் அம்மா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார்.

போர் மூண்டால் இப்போதுதான் பதிந்த எங்களை உடனே அனுப்பிவிடுவார்களா? யார் முதலில் போவது என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? அண்ணனுக்குப் பயம் இல்லையா, காட்டிக்கொள்ளவில்லையா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. வீட்டில் சொல்ல வெட்கமாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஓய்ந்த பூட்ஸ்

தம்பி, நீ என் மகன் வயது. அதனால் நீ என்றே எழுதுகிறேன். முதலில் அந்தப் படிவத்தை அகராதிக்கு அடியிலிருந்து எடு. கடைசித் தேதி எது என்று பார்த்து, கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வை. போரால் வரும் தொல்லை வருமோ வராதோ, தேதி தவறினால் வரும் தொல்லை நிச்சயம் வரும். விலக்குக் கேட்பவனும் ஒத்திவைப்புக் கேட்பவனும் பட்டியலுக்குள் இருந்துதான் கேட்க முடியும்.

பதிவு வேறு, அழைப்பாணை வேறு. பதிந்த பிறகு மருத்துவப் பரிசோதனை, அதன்பின் தகுதி வகை, அதன்பின் அழைப்பாணை, பிறகு அடிப்படைப் பயிற்சி. சண்டை மூண்டதும் முதலில் போவது ஏற்கெனவே சீருடையில் இருப்பவர்கள். அடுத்தது பயிற்சி முடித்து வீடு திரும்பிய ரிசர்வ் ஆட்கள், அதாவது என்னைப் போன்றவர்கள். 2022 செப்டம்பரில் ரஷ்யா 3 லட்சம் பேரைத் திரட்டப்போவதாக அறிவித்தபோது, முன்பே பணி செய்தவர்களைத்தான் அழைக்கிறோம் என்றார்கள். ஜார்ஜியா எல்லையில் கார்கள் வரிசை கட்டி நின்றதையும், சைக்கிளை உருட்டிக்கொண்டு எல்லையைக் கடந்தவர்களையும் நீயும் பார்த்திருப்பாய். சொன்ன விதிப்படியே எல்லாம் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. விதி எழுதப்படுவது அந்த வரிசையில்தான் என்று சொல்கிறேன். நேற்றுப் பதிந்தவனை நாளைக் காலை பதுங்குகுழியில் இறக்குவது அவர்களுக்கே சுமை.

பரிசோதனை நாளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதை நினைத்துத்தான் தூக்கம் கெடுகிறார்கள். உள்ளாடையோடு ஒரு தாழ்வாரத்தில் நின்றோம். தரை குளிர்ந்துகிடந்தது. புள்ளிப் புள்ளியாக வண்ணம் நிறைந்த ஒரு புத்தகத்தைக் காட்டி அதற்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவனுக்கு எதுவும் தெரியவில்லை. தனக்கு நிறக்குருடு என்பது அவனுக்கே அன்றுதான் தெரியும். அழுவதா சிரிப்பதா என்று புரியாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கழுத்துத் தகடு கொடுத்தார்கள். என் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்திருந்தார்கள். மாற்றித் தரச் சொன்னதற்கு ஒரு மனு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இரண்டு ஆண்டும் அந்தத் தவறான பெயரோடுதான் இருந்தேன். செத்திருந்தால் வேறு யாரோ செத்திருப்பான்.

பயத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன். இப்போது கண் சொருகுகிறது.

சராசரி

யார் முதலில் என்ற கேள்விக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. புள்ளியியல் பாடம் எடுப்பவன் என்பதால் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வேன். தம்பி இரட்டையர் என்பதால் இன்னும் பொருத்தம்.

வியட்நாம் போர் நடந்தபோது, 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்கா குலுக்கல் நடத்தியது. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களுக்கு. லீப் ஆண்டின் பிப்ரவரி 29 சேர்த்து 366 பிறந்த தேதிகள். ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதி, நீல நிறப் பிளாஸ்டிக் குப்பியில் அடைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டினார்கள். தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் எண் 1. கடைசியாக வந்தது ஜூன் 8. பின்னர் எண் 195 வரை அழைத்தார்கள். 196 வாங்கியவன் அன்றிரவு எப்படித் தூங்கினான் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஆனால் கோடு 195-இல் விழும் என்பது அப்போது அவனுக்கும் தெரியாது.

ஒரே தேதியில் பிறந்தவர்களுக்குள் யார் முன்னால்? அதற்கு ஆங்கில எழுத்துகள் 26-ஐயும் தனியாகக் குலுக்கினார்கள். ‘ஜே’ முதலில் வந்தது, ‘வி’ கடைசி. குடும்பப் பெயரின் முதலெழுத்து, அதுவும் ஒன்றானால் சொந்தப் பெயரின் முதலெழுத்து. ஆக, இரட்டையர்களுக்கு எண் ஒன்றுதான். யார் முன்னால் என்பது பெற்றோர் தொட்டிலருகே நின்று என்ன பெயர் வைத்தார்கள் என்பதில் இருந்தது.

இனிமேல்தான் என் பாடம். குப்பிகளை ஜனவரி, பிப்ரவரி என்று மாதவாரியாகப் பெட்டியில் போட்டு, போதுமான அளவு கலக்காமல் ஜாடியில் கொட்டியிருக்கிறார்கள். கலப்பு நியாயமாக இருந்திருந்தால் எந்த மாதத்துக்கும் சராசரி எண் 183-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஜனவரிக்கு 201 வந்தது. டிசம்பருக்கு 121. ஆண்டின் கடைசியில் பிறந்தவர்கள் கூடுதலாக மாட்டிக்கொண்டார்கள். யாரும் சதி செய்யவில்லை, சரியாகக் குலுக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு தேதிக்கு ஓர் உருளை, எண்ணுக்கு ஓர் உருளை என்று மாற்றிக்கொண்டார்கள். முதல் குலுக்கலை யாரும் திரும்ப நடத்தவில்லை.

வகுப்பில் இதைச் சொன்னதும் டிசம்பரில் பிறந்த மாணவர்கள் கை தூக்குவார்கள். நான் கேட்காமலே.

தூங்காத தாய்

என் மகனுக்கு 17 வயது. மன்னிக்கவும், இப்படிக் கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள். பரிசோதனைக்கு முன் எடையைக் குறைத்துவிட்டால் தகுதியில்லை என்று அனுப்பிவிடுவார்களாமே?

ஓய்ந்த பூட்ஸ்

அம்மா, அந்த வேலை வேண்டாம். ஒரே காலையில் நூறு பையன்களைப் பார்க்கிற மருத்துவர் இதையெல்லாம் என்றோ பார்த்து முடித்தவர். ஆறு மாதம் கழித்து வா என்பார், எடை திரும்பியிருக்கும், உடம்புதான் கெட்டிருக்கும். உண்மையான நோய் எதுவும் இருந்தால், சிறு வயதில் வந்த இழுப்பாக இருந்தாலும், அதன் மருத்துவச் சீட்டுகளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பாதிப் பேர் அந்தச் சீட்டு இல்லாமல்தான் தடுமாறுகிறார்கள்.

நேர்கோடு

எல்லோரும் பையனைத் தடவிக்கொடுக்கிறீர்கள். நான் நேராகச் சொல்கிறேன். நாட்டின் பள்ளியில் படித்தாய், மருத்துவமனையில் பிறந்தாய், அழைத்தால் போக வேண்டும். கட்டாயப் பணி இல்லாத நாட்டில் என்ன நடக்கிறது? வேலை கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் சம்பளத்துக்காகப் படையில் சேர்கிறார்கள், மற்றவர்கள் சோபாவில் சாய்ந்தபடி போரைப் பற்றிக் கருத்துச் சொல்கிறார்கள். அமைச்சரின் மகனும் அதே வரிசையில் நின்றால்தான் அமைச்சருக்குப் போரைத் தொடங்கக் கை கூசும். சுவிட்சர்லாந்தில் 2013-இல் கட்டாயப் பணியை ஒழிக்கலாமா என்று மக்களையே கேட்டார்கள். 73 சதவீதம் பேர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். அவர்கள் எல்லோரும் முட்டாள்களா?

பக்கத்து மேசை

அமைச்சரின் மகன் அதே வரிசையில் நின்றால் என்று சொன்னீர்கள் பாருங்கள், அந்த ‘நின்றால்’தான் சிக்கல். ஐயா, கோபிக்காமல் சொல்லுங்கள், உங்கள் வயது என்ன?

நேர்கோடு

56. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பக்கத்து மேசை

உங்களை அழைக்கமாட்டார்கள் என்ற தொடர்புதான். எனக்கு 20. என்னையும் எங்கள் நாட்டில் அழைக்கமாட்டார்கள், பெண் என்பதால். என் வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசைக்காரனுக்கு அழைப்பு வந்தது. அவன் போன நாளிலிருந்து அந்த இருக்கையில் யாரும் உட்காருவதில்லை, நான் பையை வைத்துக்கொள்கிறேன். அவனைவிட வேகமாக ஓடுபவள் நான். நார்வே 2015 முதல் பெண்களையும் அழைக்கிறது, ஸ்வீடன் 2017-இல் கட்டாயப் பணியைத் திரும்பக் கொண்டுவந்தபோது இருபாலருக்கும் என்றே கொண்டுவந்தது, டென்மார்க் 2025-இல் சேர்ந்துகொண்டது. இது சமத்துவமா, இல்லை பயத்தைச் சமமாகப் பங்கிடுவதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆனால் போகத் தேவையில்லாதவர்கள், என்னையும் சேர்த்துத்தான், கடமை என்ற சொல்லைக் கொஞ்சம் மெதுவாக உச்சரிக்கலாம்.

நேர்கோடு

வயதை வைத்து வாயை அடைப்பது வாதமல்ல. என் அப்பா போனார். திரும்பி வந்தார். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சராசரி

நேர்கோடு ஐயா சொன்ன வாதம் பலவீனமானதல்ல. சுமை எல்லோர் தோளிலும் ஏறினால் ஆள்பவன் யோசிப்பான் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றில் எங்கெல்லாம் வரிசை போட்டார்களோ அங்கெல்லாம் வரிசையிலிருந்து விலக ஒரு பக்கக் கதவும் வைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-இல் வடமாநிலங்கள் கொண்டுவந்த சட்டப்படி 300 டாலர் கட்டினால் போக வேண்டாம். அல்லது காசு கொடுத்து மாற்றாள் அனுப்பலாம். கூலித் தொழிலாளிக்கு அது ஓர் ஆண்டு வருமானத்தை நெருங்கும் தொகை. அந்த ஜூலையில் நியூயார்க் நான்கு நாள் பற்றி எரிந்தது. கொடுமை என்னவென்றால், அந்த ஆத்திரம் சட்டம் எழுதியவர்களைவிடக் கறுப்பின மக்கள்மீதே அதிகம் பாய்ந்தது. அவர்களுடைய அநாதைக் குழந்தைகள் இல்லத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

நூறாண்டு கழித்து டாலருக்குப் பதில் கல்லூரி அனுமதிச் சீட்டு. வியட்நாம் காலத்தில் படிக்கும்வரை ஒத்திவைப்பு. படிக்க வசதியில்லாதவன் போனான். 1966-இல் தேர்வுத் தரத்தைத் தாழ்த்தி, முன்பு தகுதியில்லை என்று ஒதுக்கியவர்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படையில் சேர்த்தார்கள். பக்கக் கதவு எப்போதும் இருந்தது, சாவிதான் மாறிக்கொண்டே வந்தது.

நெறியாளர்

தனிமனிதத் தாக்குதலாக இருந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஒருவரை ஒருவர் கோழை, கொலைகாரன் என்று அழைக்கும் இடம் இதுவல்ல.

வாதி

தம்பி நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் படிவம் அகராதிக்கு அடியில் ஒரு வாரமாகக் கிடக்கிறது என்றால் அவர் மனதில் இன்னொரு கேள்வியும் இருக்கும் என்று தோன்றுகிறது. மறுக்க முடியுமா?

பல நாடுகளில் முடியும். கொலை செய்வது தன் மனசாட்சிக்கோ மதத்துக்கோ ஒவ்வாது என்பவரை மனசாட்சி மறுப்பாளர் என்பார்கள். ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-இல் இந்த உரிமையைச் சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரத்திலிருந்தே பெறலாம் என்று சொன்னது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011-இல் ஆர்மேனிய இளைஞர் ஒருவரின் வழக்கில் அதையே உறுதிசெய்தது. அவர் அதற்குள் சிறையில் இருந்து வெளியேயும் வந்துவிட்டார். சட்டத்தின் வேகம் அப்படி.

மாற்றுப் பணி இருக்கும் நாட்டிலும் அது பெரும்பாலும் நீளமாக இருக்கும். பின்லாந்தில் மிகக் குறைந்த ராணுவப் பணி 165 நாள், மாற்றுப் பணி 347 நாள். தென்கொரியாவில் தரைப்படையில் 18 மாதம், மறுப்பவர்களுக்குச் சிறைச்சாலை வளாகத்தில் தங்கி 36 மாதம் வேலை. அதுவும் 2020-இல்தான் வந்தது. அதற்கு முன் மறுத்தவர்கள் கைதிகளாகவே உள்ளே இருந்தார்கள். மனசாட்சிக்கு இரட்டை விலை போடுகிறார்கள் என்று நான் சொல்வதுண்டு. என் அலுவலகத்தில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை.

முக்கியமான ஒன்று. ‘இந்தப் போர் மட்டும் தவறு’ என்பதைப் பெரும்பாலான சட்டங்கள் ஏற்பதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் இதைத் தெளிவாகவே சொன்னது: எதிர்த்தால் எல்லாப் போரையும் எதிர்க்க வேண்டும். அதே ஆண்டு அதே நீதிமன்றம் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் தண்டனையை ரத்து செய்தது. 1967-இல் படையில் சேர மறுத்ததற்காக அவருக்கு 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் விதித்திருந்தார்கள். மேல்முறையீட்டால் சிறைக்குள் போகவில்லை. ஆனால் உடல் வலு உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் அவரால் மேடையேற முடியவில்லை.

மனு எழுதினால் நேர்காணல் இருக்கும். 1916-இல் பிரிட்டன் கட்டாயப் பணியைக் கொண்டுவந்து விசாரணை மன்றங்கள் அமைத்தபோது ஒரு கேள்வி தவறாமல் வந்தது: எதிரி வீரன் உன் தங்கையைத் தாக்க வந்தால் என்ன செய்வாய்? வேறு வடிவங்களில் அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்தப் போரில் ஏறக்குறைய 16,000 பேர் மறுத்தார்கள். பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்ட 35 பேருக்கு மரண தண்டனையே வாசித்தார்கள். சற்று நிறுத்தி, பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைத்திருப்பதாக அடுத்த வரியை வாசித்தார்கள். அந்த இடைவெளியில் நின்றவர்களைக் கோழை என்று என்னால் சொல்ல முடியாது.

மறுப்பைச் சொல்ல ஏற்ற காலம் அழைப்பாணைக்கு முன்புதான். பின்பு சொன்னால் போர் வந்ததும் முளைத்த மனசாட்சி என்பார்கள். பல நாடுகளில் மனசாட்சி மறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. தம்பியின் நாட்டில் என்ன நிலை என்பதைப் படிவத்தோடு வந்த சிற்றேட்டின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். இப்படிப்பட்ட செய்திகளைக் கடைசிப் பக்கத்தில்தான் போடுவார்கள்.

இரட்டையரில் இளையவன்

கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. நன்றி ஐயா.

இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். எல்லாப் போரையும் எதிர்க்கிறேனா என்றால், இல்லை. எங்கள் தெருவுக்குள் யாராவது துப்பாக்கியோடு வந்தால் அண்ணனுக்கு முன்னால் போய் நிற்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் நான் மறுப்பாளன் இல்லை. பயந்தவன் மட்டும்தான். மறுப்பாளன் என்று எழுதிவிட்டால் பயத்துக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிடும், ஆனால் அது உண்மையான மறுப்பாளர்களின் பெயர். வேறொருவர் சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸில் போவது போல.

அண்ணனிடம் நேற்று இரவு கேட்டேன், உனக்குப் பயமே இல்லையா என்று. ‘நீ நிரப்பாமல் வைத்திருப்பதுதான் பயமாக இருக்கிறது’ என்றான். அவன் மட்டும் போய், நான் போகாமல், பிறகு ஏதாவது ஆகிவிட்டால் என்று. விளக்கை அணைத்துவிட்டுத்தான் சொன்னான்.

ஓய்ந்த பூட்ஸ்

பயத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உன் அண்ணன் என் வேலையைப் பாதி முடித்துவிட்டான்.

முகாமில் முதல் இரவு, நாற்பது கட்டில். விளக்கு அணைந்த பிறகு யாரும் புரளவில்லை. தூங்குகிறவன் புரளுவான், குறட்டை விடுவான். நாற்பது பேரும் அசையாமல் கிடந்தோம், ஒவ்வொருவனும் மற்ற முப்பத்தொன்பது பேரும் தூங்கிவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டு. மூன்றாம் வாரம் ஒருவன் வாய்விட்டுச் சொன்னான், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. அன்றிரவுதான் அந்த அறையில் முதல் குறட்டை கேட்டது.

என் காலத்தில் போர் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால், நேர்கோடு ஐயா உட்பட, நான் நம்பமாட்டேன்.

துப்பாக்கிதான் உறுத்துகிறது என்றால், படைக்குள்ளேயே மருத்துவப் பிரிவு, தகவல் தொடர்பு, வாகனப் பிரிவு என்று விருப்பம் எழுத இடம் இருக்கும். கொடுப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. எழுதாதவனுக்கு யோசிக்கவே மாட்டார்கள்.

சராசரி

மருத்துவப் பிரிவு என்றதும் டெஸ்மண்ட் டாஸ் நினைவுக்கு வருகிறார். ஆயுதத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லியே இரண்டாம் உலகப் போருக்குப் போனவர். 1945-இல் ஒகினாவாவில் செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து காயப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்கினார். சுமார் 75 பேர். அமெரிக்காவின் மிக உயரிய படைவிருதை வாங்கினார்.

எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதற்கு எதிர் உதாரணமும் சொல்லிவிடுகிறேன். 1943 டிசம்பர் முதல் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் போதவில்லை என்று, படைக்கு அழைத்த இளைஞர்களில் பத்தில் ஒருவரைச் சுரங்கத்துக்குத் திருப்பினார்கள். பதிவெண்ணின் கடைசி இலக்கத்தை ஒரு தொப்பியிலிருந்து எடுப்பார்கள். கப்பற்படை கனவோடு வந்தவன் மண்ணுக்குள் இறங்கினான். சீருடை இல்லாததால் தெருவில் அவர்களைப் படையிலிருந்து ஓடிவந்தவர்கள் என்று ஏசினார்கள், போலீஸ் நிறுத்தி விசாரித்தது. அவர்களுக்கென்று ஓர் அடையாளச் சின்னம் வழங்க 2008 ஆனது. அதற்குள் பலர் இல்லை.

தூங்காத தாய்

மகனின் பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடினேன். இழுப்புக்கு மருந்து எழுதிய சீட்டு ஒன்று, அவனுக்கு ஆறு வயதில். எழுத்து மங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று இந்த நோய் போக வேண்டும் என்று வேண்டினேன், இன்று போகாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

நேர்கோடு

அம்மா, அந்தச் சீட்டைப் பிரதி எடுத்து வையுங்கள். மங்கிய தாளை ஏற்க மறுப்பார்கள். எழுதிய மருத்துவர் இருந்தால் புதிதாக ஒரு சான்று வாங்கிவிடுங்கள்.

என் அப்பா பேசியதில்லை என்று எழுதியிருந்தேன். பேசியதில்லை, உண்மை. ஆனால் பட்டாசுச் சத்தம் கேட்டால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் அதைச் சொல்லாமல் விட்டேன்.

பக்கத்து மேசை

நன்றி ஐயா. நானும் சற்று வேகமாகத்தான் பேசிவிட்டேன்.

இரட்டையரில் இளையவன்

நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து நான் எழுதுவதைத் தலைகீழாகப் படிக்கிறான். மருத்துவப் பிரிவு என்று எழுதினேன். அவன் தன் படிவத்தை உறையிலிருந்து வெளியே எடுத்து, விருப்பம் என்ற இடத்தில் தரைப்படை என்பதை அடித்துவிட்டு அதையே எழுதப் பார்த்தான். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்று கீழே போட்டிருக்கிறது. புதுப் படிவம் வாங்கக் காலையில் போகிறான். அம்மா இன்று செய்தி முடியும்வரை எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

ஒரு சந்தேகம். உயரம் எழுதும் இடத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு அளந்த உயரமா, போடாமலா?

ஓய்ந்த பூட்ஸ்

போடாமல். எப்படியும் அங்கே திரும்ப அளப்பார்கள். பெயரை மட்டும் பெரிய எழுத்தில், தெளிவாக எழுது.